எங்க தண்ணி

அந்தக் காணும் பொங்கலன்று குட்டியானை வண்டியில் ஏறியவர்கள் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா, அப்பா, அம்மா, நான். ஏறாதது அத்தை ஒருத்திதான். அவள் ஏறியிருக்கவும் முடியாது. நாங்கள் போகிற இடத்தில்தான் அவள் இருந்தாள். இது வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும், பெரியப்பாவைத் தவிர. பத்து வயதான எனக்கும் தெரியும். வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள்.

அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. எங்கள் வீட்டில் இரண்டு தறி. பெரியப்பாவின் தறியில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வருகிற பட்டுப் புடவைதான் ஓடும். அதற்கு ஒருவர் கை போதாது. நெய்கிறவர் தறிக்குக் கீழே இருக்கிற குழியில் காலை விட்டு உட்கார்ந்து, ஊடைநூல் சுற்றிய கட்டையான நாடாவை உடலுக்காக வீசுவார். அவருக்கு வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பிப் போட வேண்டும். எட்டு வயதில் அத்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அந்த வலது பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதன்பிறகு அந்த இடம் அவளுடையது. பெரியப்பா தலையைத் திருப்ப மாட்டார். கையை நீட்டுவார், நாடா வந்து விழும். இருவரும் கதை பேசுவார்கள், சண்டை போடுவார்கள், எஃப்.எம்.மில் பாட்டுக் கேட்பார்கள். கைகள் மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் தம் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும்.

ஒரு புடவை பாதியில் இருக்கும்போது அத்தை போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு, பாலாற்றைத் தாண்டி, ஏரிக்கரை மலையடியில் இருக்கும் அவர் ஊருக்கே போய்விட்டாள். அது எந்த ஊர் என்றுகூடப் பெரியப்பா கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர்கள். எங்கள் ஆட்கள் இல்லை. அந்த மாமாவிடம் வேறு எந்தக் குறையையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒன்று போதுமாக இருந்தது.

மீதிப் புடவையைப் பெரியம்மாவை உட்கார வைத்து முடித்தார் பெரியப்பா. உடலும் கரையும் சேர்கிற இடம் பல் விழுந்தாற்போல் இருந்தது. அன்றிலிருந்து பெரியம்மாதான் வலது பக்கம். அன்றிலிருந்து அவளுக்கு ஏச்சும்தான். "நாடா போடச் சொன்னா நாத்து நடுறியே" என்பார். பெரியம்மாவுக்கு அத்தைமேல் இருந்த கோபம் வேறு யாருக்கும் இருந்திருக்க முடியாது. அத்தை திரும்பி வரவேண்டும் என்ற ஆசையும் அப்படித்தான்.

மூன்று பொங்கலுக்கு அத்தைக்குச் சீர் போகவில்லை. இதற்கிடையில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அம்மா மட்டும் காய் வாங்கப் போகிற சாக்கில் மார்க்கெட் மூலையில் நின்று அத்தையோடு போனில் பேசுவாள். இருவருமாகச் சேர்ந்துதான் அந்தத் திட்டத்தைப் போட்டார்கள். ஊருக்குள் பெரியப்பாவைக் கூட்டிப்போக முடியாது. மலைக்குக் கூட்டிப்போகலாம். மலையில் பழைய குகைகள் இருக்கின்றன, காணும் பொங்கலுக்கு நாலு ஜனம் வந்துபோகிற இடம். "மத்தியானம் வரைக்கும் இருங்கண்ணி. எங்க பெரியண்ணன் கையால ஒரு காரியம் ஆவணும்" என்று அத்தை சொல்லியிருந்தாள். என்ன காரியம் என்று அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும் என்பதே அம்மாவுக்குப் பெரிய காரியமாக இருந்தது.

பெரியப்பாவை ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அதற்கு எதிரான முடிவை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது.

"இந்த வருஷமும் மகாபலிபுரமே போலாம் மாமா. அந்த மலை, கொகை எல்லாம் நமக்கு எதுக்கு? கல்லுல இன்னா இருக்குது பாக்க?" என்றாள் அம்மா, பெரியப்பாவிடம்.

"கல்லுல இன்னா இருக்குதுவா? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கொடஞ்சதுமா அது. கடல்ல இன்னா இருக்குது, உப்புத்தண்ணி. மலைக்குத்தான் போறோம்" என்றார் பெரியப்பா.

அம்மா தோற்றுப்போன முகத்தோடு புளிசாதம் கிளறினாள். சாதக் குண்டானுக்கு அடியில் ஒரு பை. அதில் மஞ்சள் கொத்து, வெல்லம், ஒரு புடவை, குழந்தைக்குச் சின்னதாக ஒரு கவுன்.

மலை பெரிதில்லை. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து தூண் தூணாக நிறுத்தியிருந்த மண்டபங்கள். உள்ளே வௌவால் வாடை. வாசலில் இருந்த நீல போர்டை நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டப் போகிற முதல் ஆள் நான் என்பதால் கடைப்பலகை, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை எல்லாம் என்னிடம்தான் வரும். "நம்ம வூட்டு வாத்தியாரே, சத்தமாப் படி" என்றார் பெரியப்பா. சேதப்படுத்தினால் அபராதம், சிறைத் தண்டனை என்று போட்டிருந்தது. என்ன இடம், யார் குடைந்தது என்று ஒன்றும் இல்லை.

"ஜெயிலப் பத்தி இவ்ளோ எழுதனவன் கொகையப் பத்தி ஒரு வரி எழுதலாமில்ல?" என்றார் பெரியப்பா. அன்று அவர் சொன்னவற்றில் இது ஒன்றுதான் முழுக்கச் சரி என்று இப்போது தோன்றுகிறது.

மேலே ஏறினால் பாறை கூரைபோல் முன்னால் நீண்டு, அதன் நிழலில் கல்லிலேயே வெட்டிய படுக்கைகள். தலைமாட்டில் தலையணை மாதிரிக் கொஞ்சம் உயர்த்தி வழவழவென்று செதுக்கியிருந்தார்கள். பழைய காலத்தில் சாமியார்கள் இருந்த இடமாம். வண்டி ஓட்டி வந்த அண்ணன் சொன்னார். பெரியம்மா ஒன்றில் படுத்துப் பார்த்தாள்.

"நல்லா ஜில்லுனு இருக்குதுமா. சோறாக்க வேணாம், நாடா போட வேணாம். சாமியாரா பொறந்திருக்கலாம்."

"நீ சாமியாரா வந்திருந்தா மலையே எறங்கி ஓடியிருக்கும்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தோம். அம்மாதான் கீழே ஊர்ப்பக்கத்துப் பாதையைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். அந்த மலையில் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

படுக்கைகளைத் தாண்டி, பாறையின் மறுபக்கம் ஒரு குழி இருந்தது. நீள்சதுரமாக, ஓரம் பிசகாமல் வெட்டியது. உள்ளே தண்ணீர், மேலே அரச இலைச் சருகு. குழிக்கு முன்னால் பாறையில் இரண்டு சதுர ஓட்டைகள். பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது இன்னா தெரிதாபா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"தண்ணித் தொட்டிண்ணா."

"தொட்டியாம். அகலத்தப் பாரு. முன்னாடி அந்த ரெண்டு ஓட்டையப் பாரு. தறிக்கால் நட்ட ஓட்டைடா அது. நம்ம குழிடா."

"மலை மேல யாருண்ணா தறி போடுவாங்க?"

"பின்ன? இங்க இருந்த சாமியாருங்க இன்னா, அம்மணமாவா இருந்தாங்க?"

அவர்கள் சமணத் துறவிகள், அதிலும் துணி உடுத்தாத பிரிவினர் இந்தப் பக்கத்தில் நிறைய இருந்திருக்கிறார்கள் என்று கல்லூரி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தபோது, பக்கத்திலிருந்தவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தண்ணீரை இறைத்தால்தான் நிச்சயமாகத் தெரியும் என்றார் பெரியப்பா. "எதுக்கு மாமா, யார் வூட்டுத் தண்ணியோ" என்றாள் அம்மா. மலை மேல் இருக்கிற தண்ணீர் யார் வீட்டினுடையதாக இருக்கும் என்று பெரியப்பா கேட்டார். வண்டிக்கார அண்ணன் வாளியை எடுத்து வந்தார். எனக்குச் சொம்பு. அப்பா மேலே தூக்கி வந்திருந்த சாதக் குண்டானின் மூடியால் இறைத்தார். தன் அண்ணன் சொன்னதற்கு மாறாக அப்பா எதையும் செய்ததில்லை, அன்றும் செய்யவில்லை. இறைத்த தண்ணீர் பாறைமேல் கறுப்பாக வழிந்து, ஊர்ப்பக்கமாக இறங்கி, கள்ளிப் புதரில் போய் மறைந்தது. வெயிலில் அது மினுங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இன்னும் வேகமாக இறைத்தேன்.

அடியில் சேறு. சேற்றில் நாலைந்து காசு, உடைந்த கண்ணாடி வளையல், மஞ்சள் கிழங்கு.

"மஞ்சக் கெழங்கு கெடக்குதே. யாருனா சாமி கும்புடுற எடமா இருக்கப் போவுது" என்றாள் பெரியம்மா.

"காச கண்ட எடத்துல எல்லாம் போடறதுதான் நம்ம ஜனத்துக்கு வேல" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியில் இறங்கினார் பெரியப்பா.

விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டார். கால் அடியைத் தொட்டது. தொட்ட இடம் முன்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. மிதிக்கட்டை இருக்க வேண்டிய இடம். இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, நூலை நெருக்குகிற, அங்கே இல்லாத பலகையைத் தன் பக்கம் இழுத்து அடித்தார். அவர் முகம் மாறிவிட்டது. கேலியும் இல்லை, வீம்பும் இல்லை. கோயிலில் திரை விலகும்போது ஜனங்களுக்கு வருமே, அந்த முகம்.

"நம்ம பாட்டன் பூட்டன் ஒக்காந்த எடம்பா இது" என்றார் மெதுவாக.

அப்போதுதான் அத்தை வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் கையில் பனங்கிழங்குக் கட்டோடு மாமா. பாறை முனையில் திரும்பியதும் நின்றுவிட்டாள். பெரியப்பாவுக்கு முதுகுப்பக்கம் அவள்.

அத்தை முதலில் பார்த்தது பெரியப்பாவை. அடுத்துப் பார்த்தது ஈரப் பாறையை. கள்ளிப் புதர்வரைக்கும் அந்த ஈரத்தைக் கண்ணாலேயே தொடர்ந்து போனாள், வாளியைப் பார்த்தாள், என் கையில் இருந்த சொம்பைப் பார்த்தாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை கையைக் காட்டி அடக்கினாள். எங்களைப் பார்த்த சந்தோஷத்தில்தான் அத்தைக்குப் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன்.

குழந்தையை அம்மாவிடம் கொடுத்தாள். முந்தானையை இடுப்பில் சொருகினாள். நேராகப் போய்ப் பெரியப்பாவுக்கு வலது பக்கம் ஈரப் பாறைமேல் உட்கார்ந்தாள்.

பெரியப்பா தலையைத் திருப்பவில்லை. யார் என்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கை அந்தரத்தில் நின்றது. பிறகு வீசினார். கையை நீட்டினார். அத்தை வாங்கிப் போட்டாள். ஒன்றுமில்லாத தறியில், ஒன்றுமில்லாத நாடா இப்படியும் அப்படியும் போய்வந்தது. பலகை அடித்தது. மறுபடியும் வீச்சு, மறுபடியும் வாங்கல்.

"லேட்டாப் போடுற" என்றார் பெரியப்பா.

மூன்று வருஷம் கழித்து அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"நீதான் அவசரமா மிதிக்கிற" என்றாள் அத்தை.

பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். "எனக்கு விடுதல வந்துச்சுடி" என்று அம்மாவின் தோளில் சாய்ந்தாள். அம்மா குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மாமா பனங்கிழங்குக் கட்டைப் பிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, "ஒக்காரேன்பா, ஏன் நின்னுக்கினு இருக்கிற" என்றார். வீட்டில் "அந்த ஆளு" என்று மட்டுமே சொல்லப்பட்டுவந்த மாமா, சொன்ன இடத்தில் அப்படியே உட்கார்ந்தார்.

அதோடு இறங்கிப் போயிருக்கலாம். அத்தையும் அதற்குத்தான் பார்த்தாள். "அண்ணா, கீழ போயி சாப்டலாம் வா. வெயில் ஏறிச்சு" என்று இரண்டு தடவை சொன்னாள். ஆனால் சந்தோஷம் வந்தால் பெரியப்பாவுக்கு இருக்கிற இடம் போதாது. வண்டியில் இருந்த சூடத்தை எடுத்துவரச் சொன்னார். அடுத்த பொங்கலுக்குத் தெருவையே கூட்டிவந்து இங்கே பொங்கல் வைப்பதாகச் சொன்னார். ஒரு போர்டு வைக்க வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்று என்னிடம் சொல்லத் தொடங்கினார். அத்தை கீழ்ப் பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து அம்மா அந்தப் பாதையைப் பார்த்த மாதிரி இல்லை அது.

பாதையில் பித்தளைக் குடங்களோடு பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர். மாமாவின் அப்பா அவர்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். காணும் பொங்கலன்று, முதல் வயது நிறைகிற குழந்தைகளுக்கு அந்தக் குழித் தண்ணீரில் தலைக்கு ஊற்றுவார்கள். மழைத் தண்ணீர் மட்டுமே நிற்கிற குழி. யாரும் கால் வைக்கமாட்டார்கள். கையால்கூட அள்ளாமல் குடத்தை அமிழ்த்தித்தான் எடுப்பார்கள். முதல் சொம்பு ஊற்ற வேண்டியது குழந்தையின் தாய்மாமன். அத்தை போனில் சொன்ன காரியம் அதுதான். பெரியண்ணன் கையால் ஆக வேண்டிய காரியம்.

பெரியவர் குழியைப் பார்த்தார். குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தார். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அத்தையிடம் திரும்பினார்.

"தண்ணி எங்கமா?"

அத்தை எழுந்து நின்றாள்.

"இது தண்ணித்தொட்டி இல்லீங்க ஐயா" என்றார் பெரியப்பா, மலர்ந்த முகத்தோடு. "தறிக்குழி. எங்க ஆளுங்க ஒக்காந்து நெய்ஞ்ச எடம். அதான் எறச்சிப் பாத்தோம்."

"பொங்கலும் அதுவுமா கால உள்ள வுட்டுக்கினு ஒக்காந்துக்கினு இருக்குது பாரு" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

"பட்டுக்காரங்க வந்து தண்ணிய எறச்சிட்டு நமக்குக் கத சொல்றாங்க" என்றாள் இன்னொருத்தி.

பின்னால் வந்த பையன்களில் ஒருவன், "யோவ், ஏறுயா மொதல்ல வெளிய" என்றான். மாமா எழுந்து அவன் மார்பில் கை வைத்து, "டேய், எங்க மச்சாண்டா, சும்மா இரு" என்றார்.

பெரியப்பாவுக்கு அந்த "யோவ்" தைத்துவிட்டது. முகம் சிவந்தது. ஆனாலும் இறங்கிவிட்ட குழியிலிருந்து அவர் ஏறவில்லை. அத்தையைப் பார்த்தார்.

"நீ சொல்லுமா இவங்களுக்கு. இது நம்ம எடம்னு சொல்லு. இப்ப நீதானே பக்கத்துல ஒக்காந்து நாடா போட்ட?"

நாடா போட்டாளா என்று அந்தப் பெண்கள் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். வெற்றுக்குழியையும் ஈரப்பாறையையும் கண்டபின்னும் இவள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அத்தையின் புடவையில் பின்பக்கம் முழுக்க ஈரம்.

அத்தை குழந்தையைப் பார்த்தாள். அது அம்மாவின் மடியில் தூங்கிப்போயிருந்தது.

"ஏறி வாண்ணா. இது எங்க தண்ணி" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஒரு பையனைக் குளத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. பெரியப்பா மட்டும் யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்ததுபோல் கண்ணைச் சிமிட்டினார். பிறகு இரண்டு கையையும் ஊன்றிக் குழியிலிருந்து ஏறினார். சேற்றுக்காலோடு செருப்பை மாட்டினார்.

"கேட்டியாபா?" என்றார் அப்பாவிடம். "எங்க தண்ணியாம்."

சிரித்தார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? அவரும் கொஞ்சம் சிரித்தார்.

பெரியவர்தான் முன்னால் வந்தார். "தம்பி, தெரியாம செஞ்சது. மழ பேஞ்சா ரொம்பிப் போவுது. இவ்ளோ தூரம் வந்துட்டு வாசல்ல கால் வைக்காமப் போவலாமா? வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பெரியப்பா நின்று பதில் சொல்லியிருப்பார், சண்டையில் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். இந்த மரியாதையோடு சண்டை போட முடியாது. திரும்பிப் பார்க்காமல் இறங்கத் தொடங்கினார்.

அம்மா குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு அவசரமாகக் குண்டானுக்கு அடியிலிருந்த பையை எடுத்தாள். கீழே போய்க்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு முதுகில் கண் இருந்திருக்க வேண்டும்.

"அதையும் எடுத்துக்கினு வாம்மா. அவங்களுது அவங்களுக்கு. நம்மளுது நமக்கு."

அம்மா பையோடு நின்றாள். அப்பா அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அத்தை குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பாறையில் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாத குடத்தைத் தூக்கிக்கொண்டு உடனே திரும்ப அவர்களுக்கு மனமில்லை போலிருக்கிறது. புளிசாதத்தைப் பாலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். பெரியம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவள் மறுபடியும் வலது பக்கம் உட்கார வேண்டும்.

அதன்பிறகு "எங்க தண்ணி" எங்கள் வீட்டில் ஒரு பேச்சாகிவிட்டது. அக்கா எனக்கு முறுக்கு தர மறுத்தால், "இன்னா, எங்க தண்ணியா?" என்பார் பெரியப்பா. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று திருப்பி அனுப்பினால் அவர்களும் "எங்க தண்ணி"க்காரர்கள். நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மலையில் எங்களுக்குத்தான் வெற்றி என்றுகூடக் கொஞ்ச நாள் எனக்கு நினைப்பு இருந்தது. பையையும் விடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோமே.

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதிலோ தமிழ் ஐயா இலக்கணம் நடத்தினார். நாம் என்றால் எதிரில் கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்ட பன்மை, நாங்கள் என்றால் அவரை விட்டுவிட்ட பன்மை என்றார். "வீட்டுக்குப் போய் உங்க அம்மாகிட்ட எங்க வீடுன்னு சொல்லிப் பாருங்கடா, செருப்பு பறக்கும்" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்கு அத்தையின் ஈரப் புடவை ஞாபகத்துக்கு வந்தது. நம்ம தண்ணி என்று அவள் சொல்லியிருந்தால் பெரியப்பா குளிர்ந்திருப்பார். ஆனால் மாமனாரையும் குடத்தோடு வந்த பெண்களையும் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்து அவள் நம்ம என்றால், அந்த ஊரில் அன்றிரவு அவள் எந்த முகத்தோடு சோறாக்குவாள்? இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தப் பாஷை பேசுகிற குடும்பமாக இருந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து கீழே போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். எங்களுக்கு வாய்த்த பாஷையில் வாயைத் திறந்தாலே ஒரு பக்கம் நின்றாக வேண்டும். யோசிக்க அவளுக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். பெரியப்பாவுக்கோ அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நேரம் இருந்தது.

மலையில் தூங்கிப்போன அந்தக் குழந்தை போன வருஷம் பெரிய மனுஷி ஆனாள். மாமா வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கே வந்து அழைத்தார். நான் அப்போது வேலைக்கு நேர்முகத் தேர்வுக்காக வெளியூரில் இருந்தேன். பெரியப்பா தறியை விட்டு எழவில்லையாம். "எங்க விசேஷமா, நம்ம விசேஷமா?" என்று கேட்டாராம். மாமாவுக்குக் கேலி புரியவில்லை. "உங்க வூட்டு விசேஷம்தாங்க மச்சான்" என்றாராம். அம்மா இதைப் போனில் சொல்லும்போது அழுதாள். தாய்மாமன் சீர் இல்லாமல் அந்தச் சடங்கு இல்லை. இரண்டு தாய்மாமன்கள், இருவரும் பட்டு நெய்கிறவர்கள், இருவரும் போகவில்லை. அப்பா அண்ணன் சொல்லை மீறவில்லை. நானாவது போயிருக்க வேண்டாமா என்று கேட்டால், நான் தாய்மாமன் இல்லை என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். படித்தவனுக்குப் பதிலுக்கா பஞ்சம்.

சடங்கு முடிந்த பிறகுதான், பெரிய கடை ஒன்றில் புடவை எடுத்துப் போடுகிற எங்கள் தெரு அண்ணன் ஒருவர் என்னை டீக்கடையில் பார்த்துச் சொன்னார். சடங்குக்கு முந்தின வாரம் அத்தை தனியாக அந்தக் கடைக்கு வந்திருந்தாளாம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்தக் கடை.

"கரை வேற கலர்ல வேணும்னுச்சுபா. உடம்பும் கரையும் சேர்ற எடத்த வெரலால தடவித் தடவிப் பாத்துக்கினே இருந்துச்சு. ஏம்மா, அண்ணனுங்க ரெண்டு பேரும் நெய்றவங்களாச்சே, நீ கடையில வந்து எடுக்கறியேன்னு கேட்டுட்டேன். அவங்க குடுத்து அனுப்சதுன்னுதான் தட்டுல வெக்கப்போறேன், வெலச் சீட்ட மட்டும் கிழிச்சிடுண்ணான்னு சொல்லிச்சு."

கிழித்துக் கொடுத்திருக்கிறார். எங்கள் தெருப் பெண் என்பதால் முதலாளியிடம் சொல்லிக் கொஞ்சம் குறைத்தும் போட்டிருக்கிறார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன்.

பதினேழாயிரத்து எண்ணூறு ரூபாய்.